சாமினியை வென்ற நால்வர்

எங்கள் மாடி வாசலின் இரும்புக் கேற்றை யாரோ பெயர்த்தெடுக்கிற மாதிரித் தட்டினார்கள். நான் அப்போது ஈரப்பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். ஈரப்பலாக்காய் வெட்டும்போது கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதன் பால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு இலேசில் போகாது. இதை என் மனைவி ஐறீன் ரொறன்ரோவிலிருந்து போனில் சொல்லித்தந்தாள். அங்கே போன பிறகு அவள் எனக்குச் செய்த உதவிகளில் இதுதான் பெரியது.

கையைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். விக்ரமன் நின்றான். கொழும்பின் மறுகோடியான வெள்ளவத்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவன், ஹெல்மட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறியிருந்தான். அவனுடைய தகப்பனுக்குப் புறக்கோட்டையில் மொத்தப் பலசரக்குக் கடை. இவன் கடைப்பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சனிக்கிழமைகளில் செஸ் வகுப்பு நடத்துகிறான். என் மகள் சாமினி அங்கே அவனோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறாள்.

“அங்கிள், சாமினி எங்க?”

“உள்ளுக்கு. முதல்ல அந்த ஹெல்மட்டைக் கழட்டும் தம்பி. கீழ்வீட்டுச் சனம் கள்ளன் எண்டு பொலிசுக்குப் போன் அடிக்கப்போகுது.”

அவன் சிரிக்கவில்லை. “அவவின்ர அக்கவுண்டைப் பூட்டிட்டாங்கள், அங்கிள். இனி ஒன்லைன்ல ஒரு கேமும் விளையாட ஏலாது.”

நான் குசினிக்குப் போய், பருப்பு வெந்துகொண்டிருந்த அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன். செய்தி வந்தது என்பதற்காகப் பருப்பை அடிப்பிடிக்க விட முடியாது.

நடந்ததை உங்களிடம் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. நீங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்து எங்கள் தொடர்மாடியின் படியேறப் போவதில்லை. தவிர, முழுவதையும் கேட்டால் நான் நியாயமான ஆள் என்று உங்களுக்கே விளங்கும்.

ஐறீன், எங்கள் மகன் ரெனால்டின் முதல் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்றாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. எங்கள் ஆட்களில் இப்படிப் போகிற தாய்மார் திரும்பி வருவது குறைவு. இந்தக் கட்டடத்திலேயே என்னைப் போல இன்னும் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். படியில் கண்டால் சுகர் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வோம். மனைவிமாரைப் பற்றி விசாரிப்பதில்லை.

எனக்கு மிச்சமிருந்தவள் சாமினி. அவளுக்கும் ஒரு கடிதம் வந்தது.

அமெரிக்காவில், வருடத்தில் பாதிக்காலம் பனி மூடிக்கிடக்கிற ஓர் ஊரின் பல்கலைக்கழகம் அது. நன்றாகச் செஸ் விளையாடுகிற பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு முழுவதையும் கொடுக்கிறது. இலங்கையில் பெரிய போட்டிகள் குறைவு என்பதால் அவளுடைய ஒன்லைன் ரேட்டிங்கைப் பார்ப்போம், சித்திரை மாத முடிவில் அது இரண்டாயிரமாக இருந்தால் இடம் நிச்சயம் என்று எழுதியிருந்தார்கள்.

ரேட்டிங் என்பது அந்தத் தளத்தில் விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் உள்ள ஓர் இலக்கம். வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். உங்களைவிடப் பெரிய இலக்கக்காரனை வென்றால் நிறைய ஏறும். உங்களைவிடச் சிறியவனிடம் தோற்றால் நிறைய இறங்கும். அவ்வளவுதான் விஷயம். மார்கழியில் நத்தாருக்கு அவள் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதில் நின்றாள். நத்தார் கேக்கை வெட்டும்போது, “இன்னும் முப்பதுதான் டடா” என்று எனக்கு ஊட்டிவிட்டாள்.

சித்திரையில் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் வருவதற்குள் ஆயிரத்து அறுநூறுக்கு வந்துவிட்டாள்.

விக்ரமனால் இதை நம்ப முடியவில்லை. சனிக்கிழமைகளில் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடும்போதெல்லாம் என்னிடம் வாதாடுவான்.

“போர்ட்டை வச்சு நேருக்கு நேர விளையாடினா இவ வெள்ளவத்தையில ஒருத்தனையும் விட்டு வைக்கிறதில்ல அங்கிள். என்னையே ஒழுங்கா அடிக்கிறா. ஒன்லைன்ல மட்டும் ஆயிரத்து அறுநூறு. ரெண்டில ஒண்டு பொய்.”

“கொம்ப்யூட்டர் பொய் சொல்லுமா தம்பி?”

“அது காய்ச்சல் பார்க்கிற தேமோமீற்றர் இல்ல. உள்ளுக்கு இருக்கிற பலம் அதுக்குத் தெரியாது. யாரோட விளையாடினீங்க, வெண்டீங்களா தோத்தீங்களா, அதுதான் தெரியும். முன்னுக்கு இருக்கிற ஆள் சரியான ஆளா இருந்தாத்தான் இலக்கமும் சரி.”

“அப்ப உம்மட தகப்பனாரின்ர கடையில வேலை செய்யிற ஆக்களுக்கும் ஒரு ரேட்டிங் போடலாம் போல.”

“எனக்கே அங்க மைனஸ்தான் அங்கிள்.”

நல்ல பையன். அவன் சொன்னதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யாரோடு பழகுகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைத் தகப்பன்மார் செஸ் படிக்காமலே அறிவார்கள்.

சாமினியைத் திரும்பத் திரும்ப வென்றவர்கள் நான்கு பேர். அவள் அவசர ஆட்டங்கள் விளையாடுவதில்லை. யோசித்து விளையாடும் நீண்ட ஆட்டங்கள்தான் அவளுக்குப் பிடிக்கும். அப்படி விளையாட வருகிறவர்கள் அந்தத் தளத்தில் குறைவு. வந்தவர்கள் வாடிக்கையாகிவிடுவார்கள். மனிலாவில் ஒரு தாதி. துருக்கியில் ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர். பிரேசிலில் ஒரு பல்வைத்தியர். கென்யாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். நால்வரின் ரேட்டிங்கும் எப்போதும் சாமினியைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆகவே அவள் தோற்கிற ஒவ்வொரு முறையும் பலமாகத் தோற்றாள்.

தோற்றுவிட்டு வெளியே வருவாள். நான் இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் கொடுப்பேன். “டடா, நான் நல்ல நிலையிலதான் இருந்தன். எங்க பிழைச்சதெண்டே விளங்கேல்ல” என்பாள். “மகள், எல்லாருக்கும் ஒரு எல்லை இருக்குத்தானே” என்பேன். வேறு ஒன்றும் சொல்லமாட்டேன். அவளாகவே அதை மென்று விழுங்கட்டும் என்று விடுவேன்.

மாசி மாதத்தில் கண்ணைச் சோதித்தோம். கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டும் தோற்றாள். பங்குனியில், தன் மூளையில் ஏதோ வந்துவிட்டது, முன்பு தெரிந்த நகர்வுகள் இப்போது தெரிவதில்லை என்று அழுதாள். அழுகிற பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? நானே கூட்டிப்போய்த் தலையை ஸ்கேன் செய்வித்தேன். அந்த இயந்திரத்துக்குள் போகும்போது என் கையைப் பிடித்திருந்தாள். விடச் சொன்ன பிறகுதான் விட்டாள். ரிப்போர்ட் வருகிற அன்றைக்கு முதல்நாள், துருக்கி மாலுமி அவளிடம் இரண்டு ஆட்டம் தோற்றார். மனிதன் என்றால் கொஞ்சமாவது இரக்கம் வேண்டும்.

அந்த நால்வரையும் எனக்கு நன்றாகத் தெரியும். நால்வரும் எங்கள் குளியலறையில்தான் இருந்தார்கள்.

சுகர் உள்ளவன் குளியலறையில் அதிக நேரம் இருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு போன்களை வைத்துக்கொள்வேன். ஒன்று என்னுடையது. மற்றது ரெனால்ட் அனுப்பியது. அவள் வைக்கிற நகர்வை ஒன்றில் பார்த்து, மற்றதில் இருக்கிற செஸ் செயலியில் போடுவேன். அது உலகத்தில் எந்த மனிதனையும் வெல்லும். அது சொல்வதை இங்கே வைப்பேன். எப்போதும் முதல்தரமான நகர்வை வைத்தால் தளம் கண்டுபிடித்துவிடும் என்று படித்திருந்தேன். ஆகையால் இடைக்கிடை இரண்டாந்தரமானதை வைப்பேன். அவளை வென்ற பிறகு முன்பின் தெரியாத யாரிடமாவது வேண்டுமென்றே தோற்று, என் இலக்கத்தைக் குறைத்துக்கொள்வேன். குதிரை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஏன் போகிறது என்று இன்றுவரை தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அறை. அவள் கதிரையைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். குழாயைப் பூட்டிவிட்டு, தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைக்கப் போவேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உண்மையான ஓர் அந்நியனிடம் அவள் தோற்றாள். அன்றைக்கு வெள்ளவத்தைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தாள். நண்டுக்கறி வைத்தாள். பின்னேரம் என் காலைத் தன் மடியில் தூக்கிவைத்து, சுகர்காரனுக்கு வெட்டவேண்டிய விதமாகப் பார்த்துப் பார்த்து நகம் வெட்டிவிட்டாள். இந்த வீட்டில் அப்படி ஒரு பின்னேரம் வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. அவளுடைய தோல்விகளைத் தற்செயலுக்கு விடக்கூடாது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

நான் அவளைப் பூட்டி வைக்கவில்லை. பாஸ்போர்ட்டை ஒளித்து வைக்கவில்லை. போகாதே என்று ஒரு சொல் சொல்லவில்லை. அப்படிச் செய்கிற தகப்பன்மார் இருக்கிறார்கள். அவர்களை எனக்குப் பிடிக்காது.

மனிலாத் தாதியோடு அவளுக்கு நல்ல சிநேகம் உண்டானது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் எழுதிக்கொள்வார்கள். என்னிடம் சொல்லாத பலவற்றை அவளிடம் சொன்னாள். ஒருநாள், ‘இடம் கிடைக்காது என்ற பயத்தைவிட, கிடைத்தால் அப்பாவைத் தனியாக விட்டுப்போக வேண்டுமே என்ற பயம்தான் பெரிது. ஆனாலும் போக ஆசை. இங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது’ என்று எழுதினாள். நான் வாளிக்கு முன்னால் வெகுநேரம் இருந்தேன். பிறகு தாதி பதில் எழுதினாள்: ‘உன் மனம் களைத்துப்போயிருக்கிறது. களைத்த மனதோடு தூரம் போகக்கூடாது. குடும்பத்தோடு இரு.’ சாமினி ஓர் இதயப் படம் அனுப்பினாள்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, விக்ரமன் கேற்றைத் தட்டும்வரை.

சாமினி அறையிலிருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் முகம் செய்தியை ஏற்கெனவே படித்த முகம். விக்ரமன் தன் போனில், அவள் அவனுக்கு அனுப்பியிருந்த தளத்தின் கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னான். சாமினியின் அக்கவுண்டும், அவளை வென்ற நான்கு அக்கவுண்டுகளும் ஒரே வீட்டு இணைய இணைப்பிலிருந்து வந்தவை. ஒரே ஆள் ஐந்து பெயரில் இருந்துகொண்டு, தன் ரேட்டிங்கைத் தானே இறக்கியிருக்கிறார். ரேட்டிங் குறைந்தவர்களுக்கான பரிசுப் போட்டிகளில் புகுவதற்குச் சிலர் இப்படிச் செய்வதுண்டு. ஐந்தும் மூடப்படுகின்றன.

நான் உண்மையாகவே திகைத்தேன். தளத்துக்கு வீட்டு இணைப்புத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் வைஃபையை நான் தொட்டதே இல்லை. மேல்வீட்டு லுத்பியாவின் வைஃபையில்தான் விளையாடினேன். அதன் கடவுச்சொல் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். யாருடைய லைன் வெட்டுப்பட்டாலும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

சத்தம் கேட்டு லுத்பியாவே இறங்கி வந்தாள். விக்ரமன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, உங்கட வீட்டில யாராவது செஸ் விளையாடுறதா?”

“எங்கட ஊட்டுல கெரம் போர்ட் கூட இல்ல தம்பி. ஏன்?”

“இல்ல, இந்தக் கட்டடத்தில எல்லாரும் பாவிக்கிறது உங்கட வைஃபைதானே...”

“எங்கட வைஃபையா? எங்கட லைனத்தான் போன வருஷமே வெட்டிட்டானே. சாமினி புள்ளதானே ஒங்கட லைன்ல இருந்து எங்கட பொக்ஸுக்கு இழுத்துத் தந்தது. பேர மட்டும் மாத்தல்ல. ஏன் நோபேட் அங்கிள், ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. மகள் என்னிடம் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்கொண்டு திரிகிற பிள்ளை அல்ல அவள். லுத்பியா என்ற பெயரில் என் போனில் தெரிந்தது எங்கள் சொந்த இணைப்புத்தான். நான்கு மாதமும் என் வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறேன்.

“அப்ப அவங்கட வீட்டுக்கு வந்துபோற ஆரோ” என்றான் விக்ரமன், லுத்பியா ஏறிப்போன பிறகு. “இல்லாட்டி பக்கத்தில ஆரோ. கேளுங்க அங்கிள், ஒரேயொரு அப்பீல்தான் போடலாம். இந்த மாதம் முடியுறதுக்குள்ள போடணும். செய்த ஆள் ஆரோ, ‘அது நான்தான்’ எண்டு ஒரு வரி எழுதித் தந்தாப் போதும். தோத்த புள்ளியெல்லாம் திருப்பிக் குடுப்பாங்கள். நான் கணக்குப் பார்த்தனான், இரண்டாயிரத்தைத் தாண்டும். அமெரிக்காவுக்குப் போயிடுவா.”

சொல்லும்போது அவன் மேல்வீட்டுப் பக்கமாகக் கூரையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பருப்புக் கரண்டியோடு நிற்கிற ஓர் அங்கிளைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

விக்ரமன் தோளைத் தொடப்போனபோது சாமினி விலகிக்கொண்டாள். “நீங்கள் போங்க விக்ரமன். கொஞ்ச நாளைக்கு வராதீங்க. வகுப்புக்கும் வேற ஆளைப் பாருங்க” என்றாள். அவன் ஹெல்மட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். ஏறி வரும்போது இருந்த வேகம் அவனிடம் இல்லை.

கதவைச் சாத்தியதும் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“டடா, நான்தானோ?”

“என்ன மகள்?”

“நித்திரையில எழும்பி நானே விளையாடுறனோ? அந்த மனிலா நேர்ஸ் கதைக்கிற மாதிரியெல்லாம் எனக்கே தெரிஞ்ச மாதிரி இருக்கும். இந்த வீட்டில வேற ஆர் டடா இருக்கிறது?”

“ஸ்கேன்ல ஒண்டும் இல்லைத்தானே” என்றேன். நீ இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் வேறு யார் என்ற கேள்வி மறுபடி வரும். கேள்விகள் அவளுக்கு அந்த நேரத்தில் நல்லதல்ல.

போனையே என் மடியில் வைத்தாள். “இதைப் பார்க்கவே பயமாக் கிடக்கு. அப்பீலை நீங்களே எழுதுங்க டடா. உங்கட இங்கிலிஷ் நல்லம். பதில் வந்தாலும் நீங்களே பாருங்க.”

கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் இருபது வருடம் கடிதம் எழுதினவன் நான். சேதமான சரக்குக்கு நட்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு, கம்பனி ஏன் கொடுக்க முடியாது என்று மரியாதையாக எழுதுவதே என் வேலை. அன்றைக்குத்தான் முதன்முதலாக, கேட்கிற பக்கத்திலிருந்து எழுதினேன். நல்ல கடிதம். ஒன்றையும் மறைக்கவில்லை. குளியலறை, வாளி, இரண்டு போன்கள், மேல்வீட்டு வைஃபை, எல்லாம் இருந்தது. ‘அவள் நிரபராதி. நான்கு பேரும் நானே’ என்று முடித்திருந்தேன். அதைப் படித்தால் எந்த நீதிபதியும் அவளுடைய புள்ளிகளைத் திருப்பிக் கொடுப்பார். எழுதி முடித்ததும் மனம் பஞ்சு மாதிரி ஆனது. பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்துவிட்டேன்.

அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

பயத்தினால் அல்ல. நீங்கள் அப்படி நினைத்துவிடக்கூடாது. அவளுடைய நிலைமையைப் பாருங்கள். சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் கையே தனக்குத் தெரியாமல் என்னவோ செய்கிறது என்று நம்புகிறாள். நித்திரைக்குப் போகுமுன் தன் அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடும்படி என்னிடம் கேட்கிறாள். அவளே கேட்பதால் பூட்டிவிடுகிறேன். இப்படியான ஒரு பிள்ளையை, பனி கொட்டுகிற ஊருக்கு, யாருமில்லாத இடத்துக்குத் தனியாக அனுப்ப எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? அவள் இங்கே இருக்க வேண்டியவள் என்று நான் முன்பே நினைத்தேன். நினைத்தது சரியாகிவிட்டது.

சித்திரை முடிந்தது. நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டாள்.

“டடா, அப்பீலுக்குப் பதில் வந்ததா?”

“வந்தது மகள். நல்லா விசாரிச்சுப் பார்த்தவங்களாம், நீதானாம் விளையாடினது.”